முப்பத்தைந்தாவது ஆட்டம்

வில்மர் ஃபால்ஸ், ஓஹையோ
அக்டோபர் 4, 1998

அன்பு மகன் வெண்டலுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், உன் அக்கா மார்லிஸும் சுகம், அவளுடைய மூத்தது எனக்குப் பிடிக்காத ஒருவனோடு சுற்றுகிறது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீயும் குளிர்கால ஆட்டத்துக்குப் போன அந்த மெக்ஸிகோ வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்காதே, ஆட்டம் முடிந்ததும் முழங்காலுக்கு ஐஸ் வை, இருபத்தொன்பது வயதில் கால் போனால் போனதுதான்.

உன் கடிதம் வந்தது. நான்கு பக்கம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரி தாண்டாதவன் என் ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு மை செலவழித்திருக்கிறாயே என்று சிரித்துக்கொண்டேன். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி ஏழாவது சுற்றில் நீ அடித்த பந்தை, பிடிக்க வந்த எதிரணி ரஸ்ஸலின் பிழை என்று லீக்கின் ஸ்கோர் புத்தகத்தில் எழுதினேன். அதை நீயே அடித்துச் சம்பாதித்த ஹிட் என்று திருத்த வேண்டும், பதினைந்தாம் தேதி பேஸ்பால் லீக் பதிவேட்டை மூடுவதற்குள். அதுதானே? தொடர்ந்து முப்பத்தைந்து ஆட்டங்களில் ஹிட் என்றால் அப்பாவின் முப்பத்து நான்கைத் தாண்டிவிடுவாய், பெரிய அணியின் வசந்தகாலப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் உன் ஆட்டம் இதோடு முடிந்தது என்கிறாய். இருக்கலாம். இப்போதைக்கு மைதானச் சுவரில் அப்பா பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

அந்த ரஸ்ஸலே பக்கத்து ஊரிலிருந்து ஆப்பிள் கேக்கோடு வந்தான். பந்து கல்லுல பட்டு எகிறிடுச்சும்மா, என் கையுறைய அது தொடவே இல்ல, அவன் வாழ்க்கைய நெனைச்சுப் பாருங்க என்று கெஞ்சினான். நீ பிடிக்கிறவன், நான் எழுதுறவ, அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம் தம்பி என்று அனுப்பிவிட்டேன். கேக்கை வைத்துக்கொண்டேன், நன்றாக இருந்தது. அப்பாவும் காப்பிக் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார், பையனுக்கே குடுத்துரேன் வெர்னா, எனக்கெதுக்கு இனிமே அதெல்லாம் என்று.

இப்போது நிஜத்தைச் சொல்கிறேன். அது ஹிட்தான். பந்து கல்லில் பட்டதை நான் பார்த்தேன். பேனாவை எடுத்தபோது கீழே உட்கார்ந்திருந்த அப்பாவையும் பார்த்தேன். கை தட்டிக்கொண்டிருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. உன்னுடைய முப்பதாவது ஆட்டத்திலிருந்தே அந்த மனிதர் ஊரெல்லாம் என் மகன் என் மகன் என்று பீற்றிக்கொள்வார், வீட்டுக்கு வந்தால் தட்டில் சோளத்தைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டயர் கடையும் போய் மூட்டும் தேய்ந்த பிறகு ஆர்லன் என்று அவரை யார் கூப்பிடுகிறார்கள்? வாங்க முப்பத்து நாலு, உக்காருங்க முப்பத்து நாலு, அவ்வளவுதான். நீ தாண்டிவிட்டால் எப்படிக் கூப்பிடுவார்கள்? பிழை என்று எழுதினேன். அறிவிப்பு வந்ததும் எழுந்து நின்று, எந்தக் குருட்டு முண்டம்டா ஸ்கோர் எழுதுது என்று என்னைத் திட்டியவரும் அவர்தான். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

உனக்காக வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது, பெற்ற வயிறு. ஆனால் உன்னோடு பதினெட்டு வருடம் ஒரே கூரையில் வாழ்ந்தேன், அவரோடு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அது போகட்டும், உன் எண்களை என்னைவிட யார் அறிவார்? இடது கையால் வீசுகிறவன் வந்தால் நூற்றுக்கு இருபத்தொரு முறைதான் உருப்படியாக அடிக்கிறாய். முகாமுக்குப் போனாலும் பத்தாம் நாள் பெட்டியோடு திரும்பியிருப்பாய். அந்த அவமானத்திலிருந்து உன்னைக் காப்பாற்றினேன் என்றுகூட வைத்துக்கொள். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் கட்டுக்குலையாத உடம்பும் தரட்டும். இருபதாம் தேதி மார்லிஸின் பிறந்தநாள், மறக்காமல் போன் செய். அம்மா தன் கைப்படவே ஒத்துக்கொண்டுவிட்டாள், இந்தக் கடிதத்தையே லீக்குக்கு அனுப்பலாம் என்று இந்நேரம் உனக்குத் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்பு. அவர்கள் முதல் வேலையாக இதை அப்பாவிடம் படித்துக் காட்டி, உங்க முகத்தப் பாத்துத்தான் எழுதினாங்களாமே என்று கேட்பார்கள். அதற்கு உனக்கு மனம் வராது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
வெர்னா