இரண்டு கோப்புகளில் ஒரு சிவமலர்

அனுப்புநர்:
வே. கிருபானந்தன்,
உரிமையாளர், கிருபா உணவுப்பொருள் இறக்குமதி, மொத்த விற்பனை,
அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில், மொன்றியல்.

பெறுநர்:
மாணவர் முறையீட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவு, மொன்றியல்.

பொருள்: காலஞ்சென்ற என் மனைவிக்குத் தங்களிடம் உள்ள இரண்டு மாணவர் கோப்புகளையும் ஒன்றாக்கி, அவருக்குரிய வணிக நிர்வாகமாணிப் பட்டத்தை வழங்குமாறு கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் நெடுங்காலமாக இந்த நகரத்தில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் முதலியவற்றை இறக்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் வியாபாரி. பிரெஞ்சில் விலை பேசுவேன், சுங்கத்தில் வாதாடுவேன். ஆனால் இந்த விடயத்தை அந்த மொழியில் எழுத உட்கார்ந்தபோது, சரக்குக்கு ஓடர் கொடுப்பது போலத்தான் வந்தது. ஆகவே தமிழில் எழுதியுள்ளேன். என் மகள் றொஷினி இதைப் பிரெஞ்சில் பெயர்க்கத் தொடங்கி, ஐந்தாம் பந்தியில் மடிக்கணினியை மூடிவிட்டு எழும்பிப் போனாள். மிகுதியை உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்து தந்தார். அப்பிரதி இத்துடன் உள்ளது. இரண்டுக்கும் வேறுபாடு தென்பட்டால் இதையே சரியென்று கொள்ளவும்.

2. என் மனைவி சிவமலர் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவில் சித்தியடைந்து, பல்கலைக்கழக அனுமதியும் பெற்றவர். போக முடியவில்லை. ஏன் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தங்களுக்கு விளக்குவதென்றால் அது வேறொரு மனு. இங்கு வந்தபின் எனது களஞ்சியத்தின் கணக்கைப் பார்த்தார், மகளை வளர்த்தார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், மாலைநேரக் கல்லூரி ஒன்றில் தவணைக்கு ஒரு பாடமாகப் படித்தார். அந்தப் பாடங்களைத் தங்கள் பல்கலைக்கழகம் மாற்றிக்கொண்டு, பட்டத்துக்குக் கணக்காகும் கிரெடிட் கொடுத்தது. பிறகு, வகுப்புக்குப் போகாமல், வெளி நிறுவனம் ஒன்று நடத்தும் பரீட்சையை மட்டும் எழுதியும் கிரெடிட் பெறலாம் என்று அறிந்து, மற்றப் பாடங்களை அந்த வழியில் எழுதினார். கணக்கியல் முதல் தடவையே சித்தி. வணிகச் சட்டத்தில் ஒருமுறை தவறினார். புள்ளிவிபரவியலில் இரண்டுமுறை தவறி, பரீட்சை மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து அழுதார்.

நான் வெளிப்படையாகப் பேசுகிறவன். அன்று காரில் வைத்தே, “மலர், உமக்கென்ன விசரோ? எங்கடை கடையைப் பாக்கிறதுக்கு ஆர் உம்மட்டைப் பட்டம் கேட்டது?” என்றேன். அவர் மூக்கைத் துடைத்துவிட்டு, “இஞ்சை நான் கிருபாவின்ரை மனிசி. அங்கை போய் நான் ஆரெண்டு ஒருக்காப் பாப்பம் எண்டுதான்” என்றார். நான் காரை எடுத்தேன். அடுத்தமுறை புள்ளிவிபரவியல் சித்தியடைந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோவிலுக்குப் போவோம். நான் உள்ளே போவேன், அவர் காரில் இருந்து படிப்பார். “முருகனுக்கு நீங்கள் சொல்லுங்கோ. அவருக்கு என்னைத் தெரியும். சோதினை வைக்கிறவைக்குத்தான் என்னைத் தெரியாது” என்பார்.

3. பெயர் இரண்டானது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் முதலில் தகப்பன் பெயர் நிற்கும். கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் நிற்கும். சிவமலர் இங்கு வந்திறங்கிய கடவுச்சீட்டில் கிருபானந்தன் என்று இருந்தது. அதைக் காட்டியே மாலைக் கல்லூரியில் சேர்ந்தார், அந்தப் பெயரிலேயே தங்களிடமும் விண்ணப்பித்தார். கியூபெக் தந்த அட்டைகளிலோ, இங்குள்ள சட்டப்படி, அவர் பிறந்தபோதிருந்த பெயர்: சிவமலர் அருளம்பலம். அருளம்பலம் என்பது அவருடைய தகப்பனார். பரீட்சை மண்டபத்தில் படமுள்ள அரசாங்க அட்டை கேட்டார்கள், கொடுத்தார். பெறுபேறுகள் அருளம்பலம் என்ற பெயரில் தங்களிடம் வந்தன. அப்படியொரு மாணவியைத் தனக்குத் தெரியாது என்று தங்கள் கணினி ஒரு புதுக் கோப்பைத் திறந்தது. அன்றிலிருந்து படித்த பாடங்கள் ஒரு சிவமலருக்கும், எழுதிய பரீட்சைகள் மற்றொரு சிவமலருக்கும் சேர்ந்துகொண்டு வந்தன.

4. சிவமலர் இதைக் கவனியாமல் விடவில்லை. தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஒரே படிவத்தில் இரண்டையும் சேர்த்துவிடலாம், அந்தப் படிவமும் அப்போதுதான் தரப்படும், அதுவரை கவலைப்பட வேண்டியதில்லை என்று பதில் வந்தது. அம்மின்னஞ்சலை இணைத்துள்ளேன். “லேபிள் பிழையெண்டால் கப்பல் ஏறமுந்தித் திருத்தவேணுமப்பா” என்று நான் சொன்னேன். “அது உங்கடை கொழும்பு ஏஜென்ற் இல்லை. அவையள் பெரிய இடம், சொன்னால் செய்வினம்” என்றார்.

5. கடைசிப் பாடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. வியாபார உத்தி. அதை மட்டும் தங்கள் மண்டபத்திலேயே இருந்து படிக்க வேண்டும் என்பது விதி. சென்ற செப்டெம்பரில், மகளின் முதுகுப்பையை இரவல் வாங்கிக்கொண்டு மெற்றோவில் போனார். வகுப்பில் இருந்த பிள்ளைகள் அவரை ஆசிரியை என்று நினைத்து எழும்பி இடம் விட்டார்களாம். வந்து சொல்லிச் சிரித்தார். இலை உதிர்ந்து முடிவதற்குள் நோய் தெரியவந்தது. தெரியவந்தபோது மருத்துவர்கள் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை.

அந்தப் பாடத்தில் குழுவாகச் செய்யும் வேலை ஒன்று இருந்தது. தன் பங்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே எழுதினார். எங்கள் களஞ்சியத்தைத்தான் எடுத்து ஆராய்ந்திருந்தார். கருவாட்டு வியாபாரத்தைக் கைவிட வேண்டும், அது மற்றச் சாமான்களின் இடத்தைத் தின்கிறது என்று முடிவு எழுதியிருந்தார். “இவ்வளவு காலமும் பக்கத்திலை இருந்துபோட்டு எனக்கொரு சொல் சொல்லேல்லையே” என்றேன். “நான் ரீச்சருக்கெல்லோ எழுதினனான். உங்களை ஆர் வாசிக்கச் சொன்னது?” என்று சிரித்தார். சிரிக்க இருமல் வந்தது. தாதி வந்து என்னை வெளியே நிற்கச் சொன்னார். அதன் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நவம்பரில் காலமானார். கருவாட்டை நான் நிறுத்திவிட்டேன். அவர் எழுதியது சரி.

6. படிப்பின் பெரும்பகுதியை முடித்த மாணவர் ஒருவர் இறந்தால், குடும்பத்தாரின் வேண்டுகோளின்பேரில் அவருக்குப் பட்டம் வழங்கலாம் என்று தங்களிடம் ஒரு நல்ல விதி இருக்கிறது. றொஷினி கண்டுபிடித்து வாசித்துக் காட்டினாள். விண்ணப்பித்தோம். கிடைத்த பதில்: சிவமலர் அருளம்பலம் பாதிதான் முடித்திருக்கிறார், ஆகவே தகுதியில்லை, சிவமலர் கிருபானந்தன் அதிலும் குறைவு, ஆகவே அவருக்கும் தகுதியில்லை. இரண்டையும் கூட்டினால் அந்த ஒரு பாடத்தைத் தவிர எல்லாம் முடிந்திருக்கிறது என்பதை மறுமொழி எழுதியவரும் மறுக்கவில்லை. ஆனால் கூட்டுவதற்கு, மாணவியே கையொப்பமிட்டு, இரண்டு அடையாள அட்டைகளுடன் நேரில் வர வேண்டும் என்றார்.

நானே நேரில் போனேன். மேசையில் இருந்த பெண்பிள்ளை மரியாதையானவர். அவர்மீது எனக்கு முறைப்பாடு இல்லை. மாணவி நேரில் வர வேண்டும் என்று சொன்னார். அவர் இறந்துவிட்டார் என்றேன். விளங்குகிறது, ஆனால் மாணவி நேரில் வர வேண்டும் என்றார். மறுபடியும் அதையே சொல்லத் தொடங்கியபோது தான் சொல்வது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

7. இனி எழுதப்போவது தங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். மரணச் சான்றிதழில் அருளம்பலம் என்று இருப்பதால், தங்கள் கணினி அந்த ஒருவரை மட்டும் காலமானவர் என்று பதிந்துகொண்டது. அதற்காகத் தங்கள் பீடாதிபதி அனுதாபக் கடிதமும் அனுப்பினார். நன்றி. மற்றச் சிவமலர் அங்கே உயிருடன் இருக்கிறார். பங்குனியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது: இந்தத் தவணையில் உங்களைக் காணவில்லை, நீங்கள் இல்லாதது எங்களுக்குக் குறையாக இருக்கிறது, இலையுதிர்காலத் தவணைக்கு உங்கள் இடம் காத்திருக்கிறது என்று. அதன் பின்னரும் இரண்டொன்று வந்தன. திருமதி என்று போட்டு, என் பெயரையும் சேர்த்து.

ஒரு மாணவி உயிருடன் இருக்கும்வரை அவருக்காக வேறொருவர் கையொப்பமிட முடியாது என்று தங்கள் சட்டப் பிரிவு தொலைபேசியில் சொன்னது. ஆக, நான் செய்ய வேண்டியது என்னவென்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. “அப்பா, மற்ற அம்மாவும் இல்லையெண்டு ஏன் இன்னும் அவைக்கு எழுதேல்லை?” என்று மகள் கேட்டாள். எழுதுவம் என்றேன். எழுதாமல் அந்தக் கடிதங்களைக் கடையில் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். காரணம் இம்மனுவில் சேர வேண்டியதல்ல.

8. இருவரும் ஒருவரே என்பதற்கு என்னிடம் உள்ள ஆதாரங்கள் பலமானவை. நொத்தாரிசு எழுதி முத்திரையிட்ட சட்டப் பத்திரம் என்னை இறந்தவரின் பொறுப்பாளராக நியமித்து, இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் சொல்கிறது. வங்கி அதை ஏற்றது. வாகன அனுமதி அலுவலகம் ஏற்றது. வரி அலுவலகம் என் மனைவியை ஒருநாளும் இரண்டு பேர் என்று நினைத்ததேயில்லை.

மேலும், எங்கள் தமிழ்ப் பத்திரிகையில் போட்ட மரண அறிவித்தலையும் இணைத்துள்ளேன். எங்கள் வழக்கப்படி அதில் திருமதி சிவமலர் கிருபானந்தன் என்று இருக்கிறது. தங்கள் அலுவலகம் பத்திரிகைத் துண்டை ஆவணமாக ஏற்காது என்று திருப்பித் தந்தது. தயவுசெய்து மரணச் சான்றிதழையும் அந்தத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசாங்கத்தைக் கேட்டால் இறந்தவர் அருளம்பலம். எங்கள் சனத்தைக் கேட்டால் இறந்தவர் கிருபானந்தன். பிறந்த திகதி ஒன்று, இறந்த திகதி ஒன்று. தகனமும் ஒன்றுதான் நடந்தது. நான் அங்கே நின்றேன்.

ஒருமுறை எனது சம்பா அரிசி ஒரே ஆலையிலிருந்து இரண்டுவித லேபிளுடன் வந்து துறைமுகத்தில் மறிபட்டது. பரிசோதகர் வந்தார், இரண்டு மூட்டையை வெட்டினார், கையில் அள்ளிப் பார்த்தார், விட்டுவிட்டார். தங்களிடமும் நான் கேட்பது அந்தப் பார்வையைத்தான்.

9. சமரசமாக, அவர் தங்கள் பல்கலைக்கழகத்தில் பங்குபற்றினார் என்று ஒரு சான்றிதழ் தரலாம் என்று சொல்லப்பட்டது. அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஏற்கமாட்டேன். அவர் பங்குபற்றவில்லை, சித்தியடைந்தார்.

10. ஆகவே, நொத்தாரிசுப் பத்திரப்படி இரண்டு கோப்புகளுக்கும் நானே கையொப்பமிட அனுமதித்து, அவற்றை ஒன்றாக்கி, வரும் பட்டமளிப்பு விழாவில் என் மனைவியின் பெயரை மற்றவர்களின் பெயர்களோடு மண்டபத்தில் வாசிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேடைக்கு றொஷினி வருவாள். நான் கீழே இருப்பேன்.

ஒரு பெயரை வைத்து மற்றதை எடுக்க வேண்டும் என்றால், பட்டத்தில் அருளம்பலம் என்றே இருக்கட்டும். என் பெயரை எடுத்துவிடுங்கள். இதை எழுத எனக்குச் சில நாட்கள் பிடித்தன. ஆனால் தான் யாரென்று பார்க்கப் போனவர், அந்தப் பெயரில்தான் புள்ளிவிபரவியல் சித்தியடைந்தார்.

அதற்கு முன்னர் தங்கள் கணினி அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை அறிவிக்க வேறு ஒருவரும் இல்லாதபடியால், கணவனாகிய நான் இத்தால் அறியத் தருகிறேன்: சிவமலர் கிருபானந்தனும் 2024 நவம்பர் 19 அன்று காலமாகிவிட்டார். இலையுதிர்காலத் தவணைக்கு அவர் வரமாட்டார். இனி அவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம்.

இந்தக் கோப்புகளைத் திறந்து வாசிக்கப்போகும் தங்களுக்கு என் நன்றி.

இடம்: மொன்றியல்
திகதி: 20.05.2025

(ஒப்பம்)
வே. கிருபானந்தன்
சிவமலர் அருளம்பலத்தின் கணவர்