சோடா கொடுத்த அக்காவுக்கு

என் எஸ்தர் அக்கா,

நீ இருந்திருந்தால் இந்த வாரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். உன் புகுந்த ஊர்த் தண்ணீரின் லட்சணத்தைச் சட்டசபையில் மைக் முன்னால் சொல்லிவிட்டேன். எவ்வளவு கவனமாக மறைத்து வைத்திருந்தாய்!

நான் எப்போது வந்தாலும், வாசலில் கால் வைப்பதற்குள் கோலி சோடா வந்துவிடும். "எம்.எல்.ஏ.வுக்குப் பச்சத் தண்ணியா குடுப்பாங்க?" என்பாய். நானும் பெருமையாகக் குடித்துவிட்டுப் போவேன். உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மத்தியானம், தாகம் தாங்காமல் உன் குடத்தில் சொம்பை விடப் போனேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்மா. இத்த உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு போயிருக்கு. தோல் பதப்படுத்தற ஷாப்போட கழிவுத் தண்ணி கெணத்துல எறங்கிடுச்சு. வாயில வைக்க முடியாது."

புகுந்த ஊர்த் தண்ணீரைப் பிறந்த வீட்டாரிடம் குறை சொல்லக் கூடாதென்று உனக்கு யாரக்கா சொன்னது? தொகுதி முழுக்கக் குறை கேட்டு அலைகிறவளிடம் உன் குறையை மட்டும் ஏன் சொல்லாமல் போனாய்?

அதனால்தான் சபையில் கேள்வி கொடுத்தேன். அந்தக் கிணற்றை நம்பியிருக்கும் ஊருக்கு வேறு இடத்திலிருந்து குழாயில் குடிநீர் கொண்டுவர அரசு முன்வருமா? வியாழக்கிழமைப் பட்டியலில் வந்துவிட்டது. திங்கட்கிழமை சபைக்குக் கிளம்பி ரயிலேற வந்தால் ஆம்பூர் ஸ்டேஷனில் உன் வீட்டுக்காரர், மாமா நிற்கிறார். டேனரியில் டூட்டி முடித்து நேராக வந்திருக்கிறார், வேலைச் சட்டையோடு.

"சாரா, தண்ணி கேளு. ஷாப்ப மூடச் சொல்லிடாத. எனக்கு அத்த வுட்டா வேற இன்னா தெரியும்?"

"மூடச் சொல்லல மாமா. தண்ணி மட்டும்தான் கேக்கறேன்."

தலையாட்டினார். ஆனால் வண்டி நகரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கட்சிக் கொறடா கூப்பிட்டனுப்பினார். தோல் முதலாளிகள் பேஜாராகிக் கிடக்கிறார்களாம். தேர்தலில் கைகொடுத்தவர்களாம்.

"உங்க கேள்வி நம்பரக் கூப்பிடும்போது நீங்க உள்ள இல்லன்னா அதோட முடிஞ்சுது. வெளிய போய் ஒரு காபி சாப்ட்டு வாங்கம்மா. யாரும் கொற சொல்ல மாட்டாங்க."

"உள்ள இருந்தா?"

"அடுத்த எலெக்‌ஷன்ல பாத்துக்கலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை எம்.எல்.ஏ. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் என் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. பயந்துபோய்த்தான் இருந்தேன் அக்கா, உன்னிடம் என்ன வீராப்பு?

வியாழக்கிழமை எனக்கு முந்தைய கேள்வி ஓடிக்கொண்டிருந்தபோதே கொறடா வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டேன். வாசல் நாலு எட்டுதான். அதற்குள் பேரவைத் தலைவர் என் கேள்வி எண்ணைக் கூப்பிட்டார். எழுந்து நின்று எண்ணைச் சொன்னேன்.

அமைச்சர் தாளைப் பார்த்துப் படித்தார். "அக்கிணற்று நீர் பரிசோதிக்கப்பட்டது. குடிக்கத் தகுந்ததே. எனவே மாற்று ஏற்பாட்டிற்கான அவசியம் எழவில்லை."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அப்படியானால் மாண்புமிகு அமைச்சர் அவர்கள் நேரில் வந்து ஒரு சொம்பு குடிப்பாரா? அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் சோடாதான் கொடுக்கிறார்கள்" என்று துணைக் கேள்வி போட்டேன். சபை மொத்தமும் சிரித்தது. "உறுப்பினருக்குச் சோடா பிடிக்காது போலிருக்கிறது" என்றார் அமைச்சர். இன்னும் பெரிய சிரிப்பு.

"என் அக்கா எஸ்தர் சாகிறவரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். எனக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பேரவைத் தலைவர் மணியடித்தார். "சொந்த விஷயம் வேண்டாம். அது அவைக் குறிப்பில் ஏறாது." அமைச்சர் தாளை மடித்து வைத்துவிட்டு, "நானே வந்து பார்க்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை டைப் அடித்த அவைக் குறிப்பைத் திருத்தம் பார்க்க அனுப்பினார்கள். நான் கேட்டது இருக்கிறது. சோடா இருக்கிறது. (சிரிப்பு) என்று அடைப்புக்குறிக்குள் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார்கள். நீ மட்டும் இல்லை. அழுதுவிட்டேன் அக்கா. அங்கே இடமில்லாத உன் பெயரை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இந்தப் பகிரங்கக் கடிதத்தில் எழுதுகிறேன்.

கொறடா என்னோடு பேசுவதில்லை. மாமா, "ஷாப்பப் பத்தி ஒண்ணும் பேசலியே?" என்று மட்டும் கேட்டார். அமைச்சர் நிஜமாக வருவாரா? இல்லை, ஆம்பூரிலேயே யாராவது உட்காரவைத்து பிரியாணி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? தெரியவில்லை. கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு ஊரில் ஒரு சோடா உடையக் கூடாதென்று.

அவர் குடிப்பாரோ மாட்டாரோ, முதல் சொம்பு எனக்கு. குழாய் வருகிறவரை உன் ஊருக்கு எத்தனை தடவை வந்தாலும் அந்தத் தண்ணீரைத்தான் குடிப்பேன். நீ கோபித்துக்கொள், பரவாயில்லை.

நீ வாங்கிய சத்தியத்தை மீறப் போகும்
உன் தங்கச்சி,
சாரா