எந்த நரம்பு?

நவம்பர் 8, திங்கள்

விடியலிலிருந்து மழை. நமுனுகுல மலை தெரியவில்லை. துரை பங்களாவுக்குத் தேயிலைச் சாம்பிள் அனுப்பியாயிற்று.

தேயிலை அரைக்கும் ரோலர் என் இடது கையை முழங்கைக்குக் கீழே தின்று வருஷமாகப் போகிறது. வலிப்பது அந்த இல்லாத கைதான். சுண்டுவிரலைக் குறட்டால் திருகுகிற மாதிரி. சொன்னால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். கங்காணி என் காதுபடவே, "டீமேக்கர் ஐயாவுக்குக் கையோட புத்தியும் போயிருச்சு."

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் புது டொக்டராம். சண்டையில் கை கால் போன சோல்ஜர்களுக்கு வைத்தியம் பார்த்தவராம். "மிச்சக் கையைத் திறந்து நரம்பை அறுத்துவிட்டா வலி நின்னுருங்க."

வலி நிற்கும். மூச்சும் நிற்கும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கை நரம்பில் பட்டு ஒருவன் மலையிலேயே ரத்தம் கொட்டிச் செத்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான்.

நவம்பர் 9, செவ்வாய்

தூறல். சவரம் செய்யவில்லை.

வாசலில் என் மனைவி ரோசம்மாவும் டிஸ்பென்சரும் குசுகுசு. இருமினேன். பேச்சு நின்றது. கேட்டால், "கோழிக்குச் சீக்குங்க, அதான்." கோழிக்கு டிஸ்பென்சரா! அவர் பெண்சாதி செத்து வருஷம் திரும்பவில்லை. ரோ. என்னைவிட ரொம்பச் சின்னவள். எனக்கென்ன கணக்குத் தெரியாதா?

வாங்க வேண்டியது: லாம்பெண்ணெய், மை, உப்பு.

நவம்பர் 11, வியாழன்

கோப்பி கசந்தது. சீனி போட்ட கோப்பி கசக்குமா? ஜன்னல் வழியே ஊற்றினேன். ரோ. பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போனது. நேற்றும் கசந்தது, குடித்தேன். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

இன்று தூக்கமில்லை. சுண்டுவிரல் நகம் உள்ளங்கையில் குத்துகிறது. இல்லாத உள்ளங்கை. தலையணையைக் கடித்தேன். ரோ. காலடியில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாளோ.

நவம்பர் 12, வெள்ளி

வெயில். நேராகவே கேட்டுவிட்டேன்.

"கோப்பியில என்ன போட்ட?"

"மருந்துங்க. வலிக்கு. சொன்னா குடிக்க மாட்டீங்கன்னு டிஸ்பென்சர் ஐயாகிட்ட வாங்கினேன்."

"மருந்தா, விஷமா?"

மருந்துக் குப்பியை எடுத்துத் திறந்து தன் வாயில் கவிழ்க்கப் போனாள். தட்டிவிட இடது கையை நீட்டினேன். மொட்டைக் கை குப்பியில் இடித்தது. உயிர் போய் வந்தது. குப்பி உடைந்தது.

பதுளைக்குப் போகலாம் என்றேன். செத்தாலும் அங்கேயே ஆகட்டும்.

நவம்பர் 15, திங்கள். பதுளை

மாட்டு வண்டியில் இடுப்பு விட்டுப்போனது. டொக்டர் வெள்ளைக்காரர். தோட்டத்துத் துரைமார் பேசும் தமிழ். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டார். மாட்டேன் என்றேன். நரம்பை அறுத்தால் ரத்தம் போய்ச் சாவேன், தெரியும்.

சிரித்தார். என் வலது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். "இது ரத்தம் ஓடுற குழாய். இது வெட்டாது." பிறகு மொட்டைக் கையில் ஓரிடத்தை விரலால் அமுக்கினார். இல்லாத சுண்டுவிரல் துடித்தது. கத்திவிட்டேன். "இது நோவு நரம்பு. இது வெட்டும்." வெட்டுப்பட்ட நுனி பட்டாணி அளவுக்கு வீங்கிக் கிடக்கிறதாம். அதை எடுத்துவிட்டு, மறுபடி வீங்காதபடி நரம்பில் ஸ்பிரிட் ஊசி போடுவாராம்.

நாங்கள் இரண்டையும் நரம்பு என்றே சொல்கிறோம். டிஸ்பென்சரும் அப்படித்தான் சொல்லித் தொலைத்தார்.

கையெழுத்துப் போட்டேன். முழு நம்பிக்கை இல்லை. ரோ.விடம், "நான் போயிட்டா அப்புத்தளைக்கு உங்கம்மா வீட்டுக்குப் போ. டிஸ்பென்சர் வேணாம்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும், "உங்களுக்கு நரம்பை இல்லீங்க, நாக்கை அறுக்கணும்!"

நவம்பர் 20, சனி

மழை. ஆபரேஷன் செய்த காயம் எரிகிறது. அது கத்தி பட்ட எரிச்சல், வேறு.

சுண்டுவிரலுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தேன். வரவில்லை. எங்கேயாவது பதுங்கியிருக்கும். விரல்களை மடக்குவதாக நினைத்துப் பார்த்தேன். மடக்க ஒன்றுமில்லை.

ரோ. கோப்பி கொண்டுவந்தாள். மோந்து பார்க்காமல் குடித்தேன். "கை வலிக்குதாங்க?" என்றாள்.

"எந்தக் கை?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.