வடக்குச் சுவர்

1834 ஜூன் 11

கொத்தனார் ஜேபஸ் வந்துவிட்டார். மூன்று வருஷமாக உழவில் கிளம்பிய கூழாங்கற்களை என் கணவர் அமாசா குவித்து வைத்திருக்கிறார். அளவு பார்க்கும் இரும்பு வளையத்துக்குள் நுழைகிற கல் முகப்புக்கு, நுழையாதது வடக்குப் பக்கத்துக்கு. டிசம்பரில் எனக்குப் பிரசவம். இந்த மரக்கட்டை வீட்டில் இன்னொரு குழந்தையைப் பெற மாட்டேன். என் முதல் குழந்தை ரூத் இறந்த பிப்ரவரியில் தொட்டில் விளிம்பில் பனித்தூள் கிடந்தது. அமாசாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: டிசம்பருக்குள் கல்வீடு.

ஜூன் 19

யாராவது கிட்டப் போனால் ஜேபஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புகைக்குழாயைப் பற்றவைக்கிறார். இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் எல்லோருமே அப்படித்தான், தொழிலைக் கண்ணில் காட்டமாட்டார்கள். நான் வெண்ணெய் கடைகிற ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது. எழுதவே கொஞ்சம் வெட்கம்தான்.

ஜூலை 8

நீளக் கல்லாகப் பொறுக்கி, குறுகிய முனை மட்டும் வெளியே தெரிய, மிச்சத்தைச் சுவருக்குள் புதைக்கிறார். மூலைகளுக்குச் செதுக்கிய பெருங்கல். ஒரு நாளைக்கு மூன்றே வரிசை. பிறகு ஆப்பிள் மரத்தடியில் தூக்கம்!

ஆகஸ்ட் 30

மூன்று சுவர் எழும்பிவிட்டது, வடக்கு மட்டும் முழங்காலுயரம். இன்று சண்டை.

"கூலி வாங்கிட்டுத் தூங்க என் வீடுதான் கிடைச்சுதா?" என்றார் அமாசா.

"தூங்குறது சுண்ணாம்புங்க. நான் சும்மா துணைக்குப் படுத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அமாசாவுக்கு வரவில்லை. ஜேபஸ் சாமானோடு போய்விட்டார்.

செப்டம்பர் 4

அமாசா தானே வடக்குச் சுவரில் கை வைத்தார். ஒரே நாளில் ஏழு வரிசை. கல் மிச்சமாகட்டும் என்று அகலப் பக்கத்தை வெளியே காட்டி வைக்கிறார். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். சொன்னால் ஒளிந்து பார்த்ததைச் சொல்லவேண்டும். அதோடு, எவ்வளவு சந்தோஷமாக வேலை செய்கிறார் மனுஷன்.

செப்டம்பர் 6

சொல்லிவிட்டேன். "நீளத்தை உள்ள விடுங்க. மூணு வரிசையோட நிறுத்துங்க, சுண்ணாம்பு இறுகட்டும்."

விழுந்து விழுந்து சிரித்தார். "ஓ, கொத்தனாரம்மா! டிசம்பர் டிசம்பர்னு உயிரை வாங்கினது யாரு? நீதானே?"

நான்தான்.

செப்டம்பர் 9

மழை. சுவர் என் வயிற்றைப் போலப் புடைத்தது, மதியத்துக்குள் சரிந்தது. அமாசா அந்த நேரம் தொழுவத்தில் இருந்தார். கடவுளே, அடியில் நின்றிருந்தால்? நாலாம் தேதியே வாயைத் திறந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் எனக்கு?

செப்டம்பர் 15

வண்டி கட்டிக்கொண்டு போனேன். ஜேபஸ் கால்வாய்க் கரையில் வேறொரு வீடு கட்டுகிறார். பார்த்ததை ஒப்புக்கொண்டேன்.

"வெண்ணெய் கடையிற சத்தம் நின்னா நீங்க பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியாதா அம்மா?"

"அப்ப ஏன் வேலையை நிறுத்தலை?"

"பொம்பளை பார்த்து என்ன கட்டிடப்போறாங்கன்னுதான்."

பனி விழும்வரை அவருக்கு அங்கேயே வேலை. வந்து சுவரை முடித்துக் கொடுக்கும்படி கெஞ்சினேன், குழந்தைக்காக என்றேன். கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நானே இருந்து முடிச்சிருந்தாலும் அந்தச் சுவர் காய ஒரு குளிர்காலம் போகணும். ஈரச் சுவத்துக்குள்ளயா பச்சைப் பிள்ளையைப் போடுவீங்க? டிசம்பருக்குன்னு யாரும் என்கிட்ட சொல்லலையே."

சொல்லவில்லை. வழியெல்லாம் அழுதேன். அமாசாவை அவசரப்படுத்தியது நான். எதற்கு? ஒரு ஈர வீட்டுக்கு.

செப்டம்பர் 16

அமாசாவிடம் சொன்னேன்: இந்த வருஷம் கல்வீடு வேண்டாம். சரிந்த சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "மிச்சச் சுண்ணாம்பு இருக்கே," என்றார்.

அக்டோபர் 2

மரக்கட்டைகளின் சந்து ஒவ்வொன்றையும் அந்தச் சுண்ணாம்பால் அடைக்கிறோம். இன்று ஏணியிலிருந்தே கேட்டார்: "இது எவ்வளவு ஆழம் போகணும்?" கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னிடம் அவர் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. ஒரு விரல் ஆழம் என்றேன்.

டிசம்பர் 14

பெண். ஊரே கேட்கும்படி அழுகிறாள்.

1835 ஜனவரி 23

ஏரிப் பக்கமிருந்து பனிக்காற்று மூன்று நாளாக. அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாகத்தான் இருக்கிறாள்.

பிப்ரவரி 28

ரூத்தைக் கொண்டுபோன மாதம் முடிந்தது. அவளுக்குச் சளிகூட இல்லை.

ஜேபஸ் மே மாதம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவரோடு நின்று வடக்குச் சுவரை யார் வைப்பது என்று கேட்டார் அமாசா.

"நான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.