நடுவில் வரைந்த கப்பல்

உவர்மலை,
திருகோணமலை.
18.12.2006

அன்பு மகள் கமலேஸ்வரிக்கு,

நீயும் மருமகனும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். எங்கள் சுகத்தைப் பின்னால் எழுதுகிறேன். இந்த இடத்திலேயே மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

உன் ஆராய்ச்சிக் கட்டுரை போன மாதம் கிடைத்தது. நுண்ணிய செப்பு வளையங்களை அடுக்கி, இயற்கையில் இல்லாத ஒரு பொருளைச் செய்து, ஒளியை நாம் விரும்பிய வழியில் வளைக்கலாம் என்பதை நான்கு தரம் வாசித்தேன். கல்லைச் சுற்றி ஓடி மறுபக்கம் சேரும் நீர்போல ஒளி போனால், நடுவில் இருப்பது தெரியாது. இப்போதைக்கு நுண்ணலையில்தான் செய்து பார்க்கிறீர்கள், கண் காணும் ஒளிக்கு வெகுகாலம் எடுக்கும் என்பதும் விளங்கியது. விளங்கியது சரியோ என்ற சந்தேகத்தில் படமாக வரைந்தேன்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் படவரைஞனாக இருந்தவனுக்கு, நடுவில் வைக்கக் கப்பலைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. சுற்றிவர அம்புக்குறிகள். பழக்கத்தில் மூலையில் அளவுத்திட்டமும் வடக்குக் குறியும் போட்டேன். மேலே, கப்பலை மறைக்கும் முறை என்று தலைப்பு. உனக்கு அனுப்பித் திருத்துவிக்க நினைத்து, பிரதி எடுத்துவரும்படி உன் தம்பி யோகலிங்கத்திடம் கொடுத்துவிட்டேன்.

சோதனைச் சாவடியில் அவனைப் பிடித்துவிட்டார்கள். இன்றைக்குப் பதினொரு நாள்.

சாவடிக்கு நேரெதிரே பிரதி எடுக்கும் கடை வைத்திருக்கும் ஸெய்னுதீன்தான் ஓடிவந்து சொன்னவர். நடுவில ஒரு பூசணிக்காயைக் கீறியிருக்கப்படாதோ ஐயா என்று என்னை ஏசிவிட்டு, அவரே அழுதார். யார் வரைந்தது என்று கேட்டதற்குத் தம்பி, தானே வரைந்ததாகச் சொல்லிவிட்டானாம். அவனுக்கு ஒரு நேர்கோடு கூடக் கீற வராது, பிள்ளை.

நான் மூன்று நாள், அவனை வைத்திருக்கும் இராணுவ முகாமின் வாசல்வரை போனனான். படம் என்னுடையது என்று சொல்லச் சிங்களத்தில் ஒரு வசனத்தை மனனம் செய்துகொண்டு போனேன். என் முறை வந்ததும், நேரம் என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்று நாளும் அப்படித்தான். உள்ளே விடுகிறார்களில்லை என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. இது வெறும் விஞ்ஞானம், இதனால் எந்தக் கப்பலையும் மறைக்க ஏலாது என்று இலகுவான ஆங்கிலத்தில் இருக்கட்டும். கட்டுரையை ஏன் அனுப்பினேன் என்று நீ உன்னை நொந்துகொள்ளாதே. பிழை என் கையில்.

ஸெய்னுதீன் இன்று கொழும்புக்குப் போகிறார். இதை அங்கே தபாலில் போடச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டு நேரே முகாமுக்குப் போகிறேன். இந்தமுறை அந்த வசனத்தைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வாய் வராவிட்டால் நீட்டலாம்.

தம்பி வந்தவுடன் அவனை உன்னிடம் கூப்பிட்டுக்கொள். அம்மாவோடு அடிக்கடி தொலைபேசியில் கதை. நான் வாசலில் நின்று திரும்பிய நாட்களைப் பற்றி அவவுக்குச் சொல்லாதே. பிள்ளைகள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கனகசபை