வானுக்கு ஒரு புகை ஸ்டிக்கர்

பங்குனி 4, செவ்வாய்

மறை ஆறு பாகை குளிர். காலையில் பின்வளவில் நிறுத்தியிருக்கும் வானின் மேலிருந்த பனியைத் தள்ளினேன். தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. அணில் என்கிறாள் மனைவி சாந்தி. இவ்வளவு நேர்கோட்டில் கிழிக்கிற அணிலை நான் கண்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு இந்த வான் கண்ணில் குத்துகிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வான், யாருக்குத்தான் குத்தாது?

செய்ய வேண்டியவை:
கப்பல் முகவர் (வைகாசியில் ஹலிபாக்ஸில் வானைப் பிரான்சுக்கு ஏற்றுவது உறுதிதானா? எழுத்தில் கேட்க வேண்டும்)
காப்புறுதி
பல்
பிரெஞ்சுப் புகை ஸ்டிக்கர்

கடைசியாக எழுதியதுதான் பெரிய தலையிடி. பாரிஸுக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் ஓடும் வாகனம் எவ்வளவு புகை விடும் என்று இலக்கம் போட்ட வட்டம் ஒன்றை முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டுமாம். 2 கிடைத்தால் போகலாம். 3 கிடைத்தால் கிழமை நாட்களில் பகலில் ஓட முடியாது. கியூபெக் இலக்கத் தகடு என்றாலும் விட மாட்டார்களாம்.

பங்குனி 5, புதன்

தேடினேன். ஸ்டிக்கர் தருகிறோம் என்று ஏழு தளங்கள். ஏழும் நீலம், வெள்ளை, சிவப்பு. எல்லாவற்றிலும் ஒரு கொடி, ஒரு முத்திரை, சிரிக்கிற பெண். அரசாங்கம் ஏன் சிரிக்கப் போகிறது? சிரிக்காத தளமாகப் பார்த்து எடுத்தேன். அதுதான் உண்மையானது என்று பிறகு பாரிஸில் இருக்கும் சாந்தியின் அக்கா மகன் நிரோஷனும் சொன்னான். அவன் சொன்னதால் இன்னும் ஒருதரம் சரிபார்த்தேன்.

டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பயணப்பொதிகளோடு வேலை. பொதியில் கட்டிய துண்டை நானே வாசிக்காமல் ஒன்றையும் வண்டியில் ஏற்றியதில்லை. சாந்தி இதை மருந்தில்லாத வருத்தம் என்கிறாள்.

படிவம் கேட்பது: எரிபொருள் (டீசல்), எடை, முதல் முதலாகப் பதிவு செய்த திகதி. அங்கேதான் வண்டி நின்றது. என் பதிவுப் பத்திரத்தில் நான் வாங்கிய திகதிதான் இருக்கிறது. முதல் சொந்தக்காரர் எப்போது பதிந்தார் என்று இல்லை. கதவோரத் தகட்டில் செய்த வருடம் 2010 என்று மட்டும்.

2011 தை (ஜனவரி) முதலாம் திகதிக்கு முந்திப் பதிந்த டீசல் என்றால் 3. பிந்தி என்றால் 2.

பங்குனி 6, வியாழன்

நிரோஷன் தொலைபேசி எடுத்தான்.

“சித்தப்பா, நீங்கள் வாங்கின திகதியையே போடுங்கோ. ஆர் பாக்கப் போகினம்?”

“பாக்கிறவன் இருந்தாத்தானே தம்பி அந்தத் திகதிப் பெட்டியை வச்சிருக்கிறான்.”

எனக்கு அவன் மேல் சந்தேகம். தன் அம்மாவை லூர்து மாதாவிடம் கூட்டிப் போவதில் அவனுக்கு அவ்வளவு விருப்பமில்லை. பிடிபட்டால் பயணம் நிற்கும், பழி எனக்கு.

அவன் அம்மா, சாந்தியின் அக்கா ராணி மச்சாள். பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்து இரண்டு வருடம். பாரிஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் படுக்கை. நல்லூர் முருகனை விட்டால் லூர்து மாதாதான் அவவுக்கு. ஆவணிப் பெருநாளுக்கு வருடம் தவறாமல் பஸ்ஸில் போனவ. இப்போது எந்த பஸ்காரனும் ஏற்றமாட்டான். வானில் படுத்தபடி போகலாம் என்று சாந்தி சொன்ன அன்று மச்சாள் தொலைபேசியில் அழுதது எனக்கும் கேட்டது. அதற்காகத்தான் இவ்வளவும்.

வானை நகருக்கு வெளியே விட்டுவிட்டு மச்சாளை டாக்ஸியில் கொண்டுவரலாமே என்றேன். “ஒருக்கா தூக்கலாம். ரெண்டு தரம் அவவைத் தூக்கேலாது. வாசல்லையே ஏத்தவேணும்” என்றாள் சாந்தி. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “குலம் அண்ணையைக் கேளுங்கோவன்” என்றாள்.

நான் பனி தள்ளப் போனேன். தள்ளுவதற்குப் பனி இருக்கவில்லை.

பங்குனி 8, சனி

குலம் அண்ணை. லவாலில் இருக்கிறார். வானின் முதல் சொந்தக்காரர், எங்களுக்கு விற்றவர். இந்த நாட்குறிப்புக் கொப்பியில் ஐந்து வருடமாக அவர் பெயர் இல்லை.

விற்கும்போது சொன்னது இன்னும் காதில்: “தம்பி, இது 2011 தை மாசம் எடுத்த வாகனம்.” மூன்று மாதம் கழித்து எண்ணெய் மாற்றும்போது கதவோரத் தகட்டில் பார்க்கிறேன், 2010. ஒரு வருடத்தை விழுங்கிவிட்டார். கோவில் அன்னதானத்தில், வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் கேட்டேன். “வருசத்தை மறைச்சு வித்துப்போட்டியள்.” அவர் தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். பதில் இல்லாதவன்தான் வெளியே போவான் என்று நினைத்தேன்.

போன சித்திரையில் அவருடைய மனைவி பத்மா அக்கா மோசம் போனா. சாந்தி தனியாகப் போய் வந்தாள். நான் செத்த வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் ஆட்களுக்குள் கலியாணத்துக்குப் போகாமல் விடலாம், செத்த வீட்டுக்கு விட முடியாது. தெரிந்துதான் போகவில்லை.

பங்குனி 9, ஞாயிறு

இன்றிலிருந்து கோடை நேரம், மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. அதிலும் குழப்பம்.

மெட்ரோ. வானில் போனால் பார்த்துவிட்டு என்ன நினைப்பாரோ. ஆரஞ்சுக் கோட்டில் கடைசி நிலையம், பிறகு பஸ். வழி முழுக்க அவர் என்ன பொய் சொல்வார், நான் என்ன கேட்பேன் என்று தயார்படுத்திக்கொண்டு போனேன். கையில் ஒரு பெட்டி திராட்சை. வெறுங்கையாகப் போகவும் மனமில்லை, இனிப்பு கொண்டுபோகவும் முகமில்லை.

கதவைத் திறந்தார். மெலிந்துவிட்டார். “வாரும் தம்பி” என்றார், போன கிழமை வந்து போனவனிடம் சொல்வது போல. தேத்தண்ணி அவரே போட்டார். சீனி கேட்கவில்லை, ஒன்றரைக் கரண்டி போட்டார். சரியாக.

ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். முதல் பதிவுத் திகதி வேண்டும் என்றேன்.

“தை பதினேழு. பொங்கல் முடிஞ்ச திங்கள்.”

“அண்ணை, அது 2010 வாகனமெல்லோ.”

“செய்தது 2010. மார்கழியிலை கையெழுத்து வச்சனாங்கள். கொம்பனிக்காரன் ஒவ்வொரு கிழமையும் போன் அடிக்கிறான், வந்து எடு எண்டு. பத்மா ஒரே பிடி. மார்கழியிலை புது வாகனம் வாசலுக்கு வரப்படாது. அவன்ரை வளவிலை பனிக்குள்ளை கிடந்தது ஒரு மாசம். தை பிறந்தாப் பிறகுதான் தகடு எடுத்தம்.”

“ஏன் அண்ணை அண்டைக்குச் சொல்லேல்லை?”

“நீர் கேக்கேல்லையே தம்பி. எல்லார் முன்னாலும் சொல்லிப்போட்டீர் எல்லே.”

உள்ளே போய் ஒரு கோப்பு கொண்டுவந்தார். பத்மா அக்காவின் கையெழுத்தில் மேலே பிள்ளையார் சுழி, கீழே ‘வான்’. முதல் பத்திரம் அதுதான், 2011, தை, 17. அதன் மேல் குங்குமம், தொட்டு வைத்த விரல் அடையாளத்தோடு, திகதிக்கு அருகில்.

படம் எடுத்தேன். இரண்டு படம் தெளிவில்லை, திரும்ப எடுத்தேன். வாசல் வரை வந்தார். பத்மா அக்காவின் படத்துக்கு முன் ஒரு நிமிடம் நிற்கலாம் என்று நினைத்தேன், நிற்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்குனி 10, திங்கள்

விண்ணப்பம். குங்குமம் பெரிய பிரச்சினை. பிரெஞ்சுக்காரன் பார்த்தால் திகதியைத் திருத்தியிருக்கிறார்கள் என்பான். நானே அப்படித்தான் நினைப்பேன். கணினியில் அந்தச் சிவப்பை அழிக்கத் தொடங்கினேன்.

சாந்தி பின்னால் நின்றிருக்கிறாள். “அதை அழியாதேங்கோ.”

“சந்தேகப்படுவாங்கள்.”

“படட்டும். அந்தப் பொட்டாலைதானே உங்களுக்குத் திகதியே வந்தது.”

அழிக்கவில்லை. அப்படியே அனுப்பினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நாலு தரம். என்னுடைய பெயர் எது, அப்பாவின் பெயர் எது என்ற வழமையான கூத்து. எந்தப் பெட்டியில் போட்டாலும் பிழை.

பங்குனி 14, வெள்ளி

பிரான்சிலிருந்து மின்னஞ்சல் இல்லை. வேண்டாத அஞ்சல்களுக்குள்ளும் பார்த்தாயிற்று. சிரிக்கிற தளம் ஒன்றிலிருந்து மட்டும், நான் கேட்காமலே, ‘உங்கள் ஸ்டிக்கர் தயார்’. என் மி.அ. அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? கடவுச்சொற்களை மாற்றினேன். மாற்றியதை எங்கே எழுதி வைத்தேன் என்று தெரியவில்லை.

பல் வைத்தியர். இரண்டு பல் பிடுங்க வேண்டுமாம். ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பங்குனி 18, செவ்வாய்

வந்துவிட்டது. மி.அ., காலை 6.40. ஏற்றுக்கொண்டார்கள். இலக்கம் 2. ஸ்டிக்கர் தபாலில் வரும்.

சாந்தி அக்காவிடம் சொன்னாள். மச்சாளுக்கு இப்போது பேச்சு தெளிவில்லை. “மெழுகுதிரி பெருசு” என்றது மட்டும் விளங்கியது. இருவரும் சிரித்தார்கள்.

எனக்குச் சந்தோசம்தான். ஆனால், செத்துப்போன மனிசி செய்த காரியத்தால் எனக்கு வழி கிடைத்திருக்கிறது, அவவின் செத்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. இதை யாரிடம் சொல்வது? இங்கே எழுதினேன்.

சித்திரை 10, வியாழன்

ஸ்டிக்கர் தபாலில். சாதாரண உறை. உள்ளே உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் வட்டம், 2. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் தகட்டு இலக்கம் பொடி எழுத்தில், சரி. ஒருதரம் ஒட்டினால் எடுக்க முடியாது, எடுத்தால் கிழியும். இடம்: முன்கண்ணாடி, உள்பக்கம், வலது கீழ் மூலை.

குலம் அண்ணைக்குத் தொ.பே. நன்றி சொல்லத்தான் எடுத்தேன்.

“ஞாயிறு பத்மான்ரை ஆண்டுத் திவசம். ரெண்டு பேரும் வாங்கோ” என்றார்.

“வாறம் அண்ணை.” அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் வீட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தது.

சித்திரை 13, ஞாயிறு

ஏழு பாகை, வெயில். தார்ப்பாயைக் கழற்றி வானிலேயே போனோம். திவசம். பதினைந்து பேர் இருக்கும். படத்துக்கு முன் நின்றேன். “அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று வாய்விட்டே சொன்னேன். சாந்தி திரும்பிப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு அண்ணை வானைப் பார்க்க வந்தார். ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் வலப்பக்கச் சீற்றில் இருந்தார். கதவுப் பைக்குள் கைவிட்டு எதையோ தேடினார். “அவ இதுக்குள்ளைதான் இஞ்சி ரொபி மிட்டாய் வைக்கிறவ” என்றார். அப்போதுதான் கவனித்தேன். வலது கீழ் மூலை, அந்தச் சீற்றுக்கு நேர் முன்னால்.

ஸ்டிக்கரை அவர் கையில் கொடுத்தேன். “நீங்கள் ஒட்டுங்கோ அண்ணை.”

வாங்கினார். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். நேரத்தைப் பார்த்தார்.

“நாலரை தாண்டிட்டுது தம்பி. ராகு காலம். அவ விடமாட்டா.”

வேறு நாள் என்றால் சிரித்திருப்பேன். ஓட்டுநர் சீற்றில் ஏறி இருந்தேன். சாந்தி பின்னால் படுக்கையில், மச்சாள் படுக்கப்போகிற இடத்தில். ஆறு மணி வரை ஒருவரும் இறங்கவில்லை.

ஆறு ஆனது. அண்ணை ஸ்டிக்கரைத் தூக்கினார். “பொறுங்கோ” என்றேன். இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும், பத்மா அக்காவின் மணிக்கூடு பிந்தி ஓடினாலும் ஓடும்.