ஜப்பானில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

மாசி 7, வெள்ளி. லுசேர்ண்.

மழையும் பனியும் கலந்து. பாஸ்நாக்ட் கொண்டாட்டம், தெருவெல்லாம் முகமூடி, மேளம். பெட்டி கட்டியாயிற்று. மிச்சம்: மகள் அபியின் கையுறை, இவருடைய முழங்கால் எண்ணெய், பூக்கன்றுச் சாடிக்குத் தண்ணீர்.

லண்டனிலிருந்து மச்சாள் ரெலிபோனில்.

"ஜப்பானிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பின்னை ஏன் போறியள்?"

நல்ல கேள்வி. இதுவரை நாங்கள் போன விடுமுறை எல்லாம் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறையில் வரிசையாகப் படுத்த விடுமுறைதான். இவர் சமைக்கும் ஹொட்டேலுக்கு ஜப்பான்காரர் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஆள் குறைந்த நாட்களில் அவர்களுடைய காலைச் சாப்பாட்டையும் செய்து பழகிவிட்டார். இப்போது சமையலறை திருத்த வேலைக்காகப் பூட்டு. அபிக்கும் பள்ளி விடுமுறை. "ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்றார். இவ்வளவுதான் காரணம்.

மற்றக் காரியம். ஷெஃப் இவரை நிரந்தரமாகக் காலை வேலைக்கு மாறச் சொல்கிறார். திரும்பி வந்ததும் பதில் வேண்டும். மாறினால் பின்னேரம் முழுக்க வீட்டில். என் விருப்பத்தைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் விடிய வயோதிபர் இல்லத்துக்கு வேலைக்குப் போகும்போது இவர் நித்திரை. இவர் வேலையால் வரும்போது நான் படுக்கப் போகிற நேரம். வருடக்கணக்காய் இப்படி. இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்: அந்தத் தனிப் பின்னேரங்கள் எனக்குப் பிடிக்கும். அபி படுத்த பிறகு வீடு எனக்கு மட்டும். கட்டினவள் இப்படி நினைக்கலாமோ தெரியாது. நினைக்கிறேன்.

மாசி 10, திங்கள். டோக்கியோ.

வெயில். காதைக் கடிக்கிற குளிர். அறை சின்னது, மூன்று பேருக்கும் தரையில் படுக்கை. இதற்கு மச்சாள் வீட்டுக்கே போயிருக்கலாம்.

இவரோடு முழு நாள். கதைக்க இருந்தது காலைச் சாப்பாட்டோடு முடிந்தது. பிறகு இருவரும் மாறி மாறி அபியோடு கதைத்தோம். கடைசியில் அவள் கேட்டாள்:

"நீங்கள் ரெண்டு பேரும் சண்டையோ?"

இல்லை. சண்டை பிடிக்கவும் பழக்கம் வேண்டும்.

மாசி 11, செவ்வாய்.

கோயில். சுவிஸில் எங்கள் அட்லிஸ்வில் முருகன் கோயிலில் ஒருவர் சொல்லிவிட்டது: டோக்கியோவில் நம்முடைய பிள்ளையார் வேறு பெயரில் இருக்கிறார். சின்ன மேடு, படிகள். வாசலில் தண்ணீர்த் தொட்டி, அகப்பை. இவர் தீர்த்தம் என்று அள்ளிக் குடித்து மிச்சத்தைத் தலையில் தெளித்தார். பக்கத்தில் நின்ற கிழவி பொறுமையாகக் கையைக் கழுவிக் காட்டினாள். கை கழுவுகிற தண்ணீராம்.

இங்கே படைப்பது மோதகம் இல்லை, முள்ளங்கி. ஒன்று வாங்கிப் படைத்தோம். பிள்ளையாரைக் காணோம். உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்கள், ஒருவருக்கும் காட்டுவதில்லையாம்.

அபி: "அப்ப உள்ளுக்கை இருக்கிறார் எண்டு எப்பிடித் தெரியும்?"

இவர்: "நீ பள்ளிக்கூடத்திலை இருக்கிறாய் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பிறகு கோட்டும் தொப்பியுமாகத் தோப்புக்கரணம். முழங்கால் நெரிந்த சத்தம் எனக்கே கேட்டது. அபி தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்பா, பைன்லிக்." மானம் போகுதாம்.

இறங்கும்போது என்ன கேட்டீர்கள் என்றேன்.

"உமக்கு மனம் எப்பிடியோ அப்பிடி நடக்கட்டும் எண்டு."

கோபம் வந்தது. பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டுப் பிள்ளையாரிடம் நல்ல பெயர் எடுக்கிறார்.

மாசி 12, புதன்.

மெல்லிய பனி. பின்னேரம் சந்தை. மீன், கடற்பாசி, பீப்பாய் பீப்பாயாக ஊறுகாய். அபிக்குச் சுட்ட வற்றாளங்கிழங்கு, எனக்கு ஒரு சோடிக் காலுறை.

இவருக்குத் தெரிந்த ஜப்பான் பாஷை முழுவதும் காலைச் சாப்பாட்டுப் பாஷை. காலை வணக்கம், சுடும் கவனம், சோறு காணுமோ. அவ்வளவுதான் கையிருப்பு. இருட்டுகிற நேரத்தில் கடை கடையாகக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறார். ஊறுகாய்க்காரி சிரித்தாள். ருசி பார்க்க ஒரு துண்டு நீட்டினாள். குளிரில் விறைத்த ஊறுகாய். இவர் அதை வாங்கி, ஊதி ஊதி, அவளுக்கே "சுடும் கவனம்" என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டாள். இவர் அவனுக்கும் ஒருதரம் ஊதிக் காட்டினார். அபிக்கு விக்கல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

இவர் பகிடி விடுவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஹொட்டேலில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வருவது பகிடியெல்லாம் முடிந்த ஆள். அந்த ஊறுகாய்க்காரியில் எனக்குப் பொறாமை. வேறு சொல் போட்டு மழுப்பவில்லை, பொறாமைதான்.

மாசி 15, சனி.

திரும்பியாயிற்று. விமான நிலையத்திலிருந்து ரயில். வெளியே சேறும் பனியும். அபி என் மடியில் நித்திரை. சொல்லிவிட்டேன்.

"காலமை வேலையை எடுங்கோ."

இவர்: "உமக்குப் பின்னேரம் தனிய இருக்கிறது விருப்பமெல்லோ."

நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. "ஆர் சொன்னது?"

"நான் வரேக்கை உள்ளுக்கை பாட்டுப் போகும். திறப்புச் சத்தம் கேட்டா உடனை நிப்பாட்டிப்போடுவீர். அதாலை பாட்டு முடியுமட்டும் படியிலை நிக்கிறனான்."

"எவ்வளவு காலமா?"

"கன காலமா."

நாள் முழுக்க அடுப்படியில் நின்ற காலோடு படியிலும் நின்றிருக்கிறார். அழுகை வந்தது. எதிரே ஒரு சுவிஸ் கிழவன் இருந்தபடியால் தடிமன் பிடித்தவள்போல மூக்கைச் சீறினேன்.

மாசி 24, திங்கள்.

பனி கரைகிறது. இவருக்கு இன்று முதல் காலை வேலை. நான் வரும்போது என் கதிரையில், காலைத் தூக்கி மேசையில் போட்டுக்கொண்டு. எரிச்சலாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தேத்தண்ணி இரண்டு. சமையல் கதை கொஞ்சம். அபி படுத்தபிறகு நான் பாட்டுப் போடவில்லை.

"போடுமன்" என்றார்.

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கசெட்டின் ஒரு பக்கம் முழுவதும் கேட்டார்.

"இஞ்சை இருந்து கேக்க வேறை மாதிரிக் கிடக்கு."

கசெட்டைப் பிரட்டிப் போட்டேன்.